நின்ற கார்களைத் தின்னும் துரு

பழைய கார்களுக்கு எதிரிகள் இரண்டு: தகட்டை அரிக்கும் ஈரம், ரப்பரை அரிக்கும் புதிய பெட்ரோல். ஹைதராபாத் பட்டறைகளில் இரண்டோடும் ஒரே நேரத்தில் போராட வேண்டியிருக்கிறது.

1967 பிப்ரவரியில் ஹைதராபாதின் ஏழாவது நிஜாம் உஸ்மான் அலி கான் காலமானார். பேரன் முகரம் ஜாவின் கைக்கு வந்த சொத்துகளில் அரண்மனைகளும் நகைகளும் மட்டுமல்ல, பெரிய கார் கொட்டகை ஒன்றும் இருந்தது. அங்கே சுமார் 60 கார்கள் நின்றன என்றும், அவற்றில் ஓடும் நிலையில் இருந்தவை நான்கே என்றும் முகரம் ஜாவைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கார்கள் ஓடவில்லையே தவிர, அவற்றின் பெட்ரோலுக்கும் உதிரிபாகங்களுக்கும் என்று கணக்கு மட்டும் ஆண்டுதோறும் பல்லாயிரம் டாலருக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முகரம் ஜாவுக்கே எஞ்சின்கள் என்றால் உயிர். பின்னாளில் ஆஸ்திரேலியாவில் பண்ணை வாங்கிக் குடியேறி, கனரக இயந்திரங்களோடு மல்லுக்கட்டுவதில் இன்பம் கண்டவர் அவர். 2023 ஜனவரியில் இஸ்தான்புல்லில் இறந்தார். உடல் ஹைதராபாத் மெக்கா மசூதியில் அடக்கம் செய்யப்பட்டது. எஞ்சின் தெரிந்த அந்த மனிதராலும் தாத்தாவின் கொட்டகையை முழுவதுமாகக் காப்பாற்ற முடியவில்லை. காரணம் எளிது. கார் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம்.

அந்தக் கூட்டத்தில் தப்பித்த நட்சத்திரம் ஒன்று உண்டு: மஞ்சள் நிற ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட். ஆறாவது நிஜாம் மெஹபூப் அலி கான் ஆர்டர் கொடுத்த கார் அது. லண்டனின் பார்க்கர் நிறுவனம் அதற்கு உடல் கட்டியது. பின்பக்கம் சிம்மாசனம்போல் உயர்ந்த இருக்கை. ஆனால் கார் வந்து சேருமுன்பே, 1911 ஆகஸ்டில், அவர் காலமாகிவிட்டார். மகனிடம் வந்த கார் விசேஷங்களுக்கு மட்டுமே வெளியே வந்தது. மொத்தமாகவே சில நூறு மைல்கள்தான் ஓடியது என்பார்கள். பிறகு நீண்ட தூக்கம். இளவரசி எஸ்ராவின் முயற்சியில் சௌமஹல்லா அரண்மனை புதுப்பிக்கப்பட்டு 2005இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பழுதுபார்க்கப்பட்ட சில்வர் கோஸ்டை இன்று அங்கே பார்க்கலாம். கிட்டத்தட்ட ஓடாத காருக்கே பெரிய வைத்தியம் தேவைப்பட்டது என்பதுதான் அதைப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய சேதி.

அரச பரம்பரைக் காருக்கு ஆள் உண்டு, பணம் உண்டு. அப்பா விட்டுச் சென்ற 1968 மாடல் அம்பாசிடருக்கோ, ஓய்வுபெற்ற டாக்டர் வீட்டு வாசலில் உறை போர்த்தி நிற்கும் பிரீமியர் பத்மினிக்கோ யார் இருக்கிறார்கள்? அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் நின்றது. பத்மினி அதற்கு முன்பே போய்விட்டது. மும்பையில் பதிவான கடைசி பத்மினி டாக்சிகூட 20 ஆண்டு வயது வரம்பைத் தொட்டு 2023 அக்டோபரில் சாலையை விட்டு இறங்கியது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கண்ணில் படுவதே அபூர்வம். இவற்றுக்கு இன்று கம்பெனி சர்வீஸ் கிடையாது. இருப்பதெல்லாம் தெருமுனைப் பட்டறைதான்.

பட்டறைக்கு வரும் பழைய காரில் பெரும்பாலும் இரண்டு புகார்கள் சேர்ந்தே இருக்கும். ஒன்று, பெட்ரோல் வாடை. இரண்டு, உடம்பெல்லாம் துரு. இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்று நினைத்துத் தனித்தனியாகச் செய்யப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கண்ணில் படாத கசிவு

பெட்ரோல் போகும் பாதை எளிமையானதுதான். பின்னால் டிக்கிக்கு அடியில் டாங்க். அங்கிருந்து காரின் அடிவயிற்றை ஒட்டி ஓடும் உலோகக் குழாய். எஞ்சின் அருகே வந்ததும், அதிர்வைத் தாங்குவதற்காக ஒரு ரப்பர் ஹோஸ். அடுத்து பம்ப். அதற்கும் அப்பால் கார்புரேட்டர். இந்த வரிசையில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு வியாதி.

டாங்க் அரைகுறையாக நிரம்பி நிற்கும்போது, மேலே உள்ள வெற்றிடத்தில் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகிறது. பெட்ரோலைவிடக் கனமான அந்த நீர் அடியில் போய்ச் சேர்ந்து, தகட்டை உள்ளிருந்தே அரிக்கிறது. துருத் தூள் குழாயில் ஏறி பம்பை அடைக்கிறது. மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் ஆவியாகி, மீதி பிசினாகி, கார்புரேட்டரின் சின்னத் துளைகளை மூடுகிறது. ரப்பர் ஹோஸ் வெளியே பளபளப்பாக இருக்கும்; வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். குழாய் எங்காவது சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் தகடு காகிதமாகத் தேய்ந்திருக்கும்.

இதில் ஆபத்து சும்மா இல்லை. அம்பாசிடரில் நீண்ட காலம் இருந்த 1489 சி.சி. எஞ்சினில் கார்புரேட்டரும், புகை வெளியேறும் கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் அமைந்தவை. கார்புரேட்டரிலிருந்து சொட்டும் பெட்ரோல் எங்கே போய் விழும் என்பதை யூகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். காலையில் ஷெட்டைத் திறந்ததும் வாடை அடித்தால், 'பழைய கார் என்றால் அப்படித்தான்' என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்புவது மிகப் பெரிய தவறு. நல்ல நிலையில் உள்ள காரில், வயது எதுவானாலும், பெட்ரோல் வாடை வரக்கூடாது.

ஹைதராபாதின் சித்திரை, வைகாசி வெயில் இன்னொரு பழைய தொல்லையைக் கூட்டி வருகிறது. 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில் சிக்னலில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளும். ஆவியைத் தள்ளத் தெரியாது. கார் மூச்சுத் திணறி நிற்கும். அந்தக் காலத்து டிரைவர்கள் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிக் காத்திருந்தது இதனால்தான். குழாயைச் சூடான பாகங்களிலிருந்து விலக்கிப் பொருத்துவதும், வெப்பம் தாக்காமல் உறை போடுவதும் நிரந்தர மருந்து.

மாறிப்போன பெட்ரோல்

இந்தப் பழைய வியாதிகளோடு புதியதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கார்கள் மாறவில்லை; பெட்ரோல் மாறிவிட்டது. 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தபோது பழைய எஞ்சின்களின் வால்வுகள் முதல் அடியை வாங்கின. 2003இல் ஆந்திரம், தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் 5 சதவீத எத்தனால் கலப்பு தொடங்கியது. 2022இல் அது 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு அறிமுகமாகி, 2025இல் நாட்டின் சராசரியே அந்த அளவைத் தொட்டுவிட்டது.

கரும்பு விவசாயிக்கு வருமானம், இறக்குமதிச் செலவு மிச்சம் என்று அரசு தரப்பில் சொல்லப்படும் காரணங்களில் பலம் இல்லாமல் இல்லை. ஆனால் 1960களில் வடிவமைத்த கார், எத்தனாலைக் கனவிலும் கண்டதில்லை.

எத்தனாலின் குணங்கள் மூன்று பழைய காரை உறுத்துகின்றன. முதலாவது, அது நீரை இழுக்கும். பெட்ரோல் நீரோடு சேராது, எத்தனால் சேரும். ஓரளவுக்கு மேல் நீர் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் அங்கேதான். இரண்டாவது, அது ஒரு கரைப்பான். பழைய டாங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த அழுக்கைக் கழற்றிக்கொண்டு வந்து ஃபில்டரை அடைக்கும். பழைய ரக ரப்பரை ஊதச் செய்யும் அல்லது இறுகச் செய்யும். கார்க் கேஸ்கெட்டுகளையும் டயாபிரத்தையும் பதம் பார்க்கும். டாங்கின் ஓட்டையை அடைக்கப் பூசிய பழைய வகைப் பூச்சுகள்கூட இதில் உரிந்து வருவதுண்டு. மூன்றாவது, அதனுள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. கம்ப்யூட்டர் உள்ள புதிய கார் அதை அறிந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடாக ஓடும். மெக்கானிக்தான் ஜெட்டையோ ஊசியையோ மாற்றிச் சரிசெய்ய வேண்டும்.

நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் அறிக்கையே, வெறும் பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த நான்கு சக்கர வாகனங்கள் 20 சதவீதக் கலப்பில் ஓடினால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று கணித்தது. 2025 ஆகஸ்டில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தபோது பெட்ரோலிய அமைச்சகம் பெரும்பாலான அச்சங்கள் ஆதாரமற்றவை என்றது. அதே விளக்கத்தில், சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் வைத்திருக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஆக, பழைய கார்க்காரருக்கு வழக்கு மன்றத்தில் வழி இல்லை; பட்டறையில்தான் உண்டு. அந்த வழி பெரிய செலவும் அல்ல. பழைய ரப்பர் ஹோஸ் அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டு, எத்தனாலைத் தாங்கும் ஃபுளூரோ ரப்பர் உள்பூச்சு கொண்ட ஹோஸ் போடுவது; பம்ப் டயாபிரத்தையும் கார்புரேட்டர் சீல்களையும் அதே தரத்தில் மாற்றுவது; துளைத்துப்போன உலோகக் குழாயை ஒட்டுப் போடாமல் முழு நீளத்துக்குப் புதிதாக வளைத்துப் பொருத்துவது; டாங்குக்கும் பம்புக்கும் நடுவே ஒரு ஃபில்டர் வைப்பது. சாதாரணத் தண்ணீர் ஹோஸைப் பெட்ரோலுக்குப் போட்டுக் காசு மிச்சம் பிடிப்பவர் நெருப்புக்கு அழைப்பு அனுப்புகிறார். காரை இரண்டு மாதம் நிறுத்துவதாக இருந்தால் டாங்கை நிரப்பி வைப்பதோ, ஒரேயடியாக வடித்துவிடுவதோ நல்லது. அரை டாங்க் ஆகாது.

முதலில் டாங்க், பிறகு தகடு

உடம்பு வேலையும் பெட்ரோல் வேலையும் இங்கேதான் சந்திக்கின்றன. டிக்கியின் தரைத்தகடு துருப்பிடித்திருந்தால் அதை வெட்டி வேறு தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதற்குச் சில அங்குலம் கீழே தொங்குகிறது பெட்ரோல் டாங்க். காரின் தரையை வெல்டிங் செய்ய வேண்டுமானால், அதன் மறுபக்கத்தை ஒட்டியே ஓடுகிறது பெட்ரோல் குழாய். எனவே வரிசை மாறக்கூடாது. பேட்டரி கழற்றப்பட வேண்டும். டாங்கும் குழாயும் காரை விட்டே வெளியே போக வேண்டும். அதற்குப் பிறகுதான் வெல்டிங் நெருப்பு உள்ளே வரலாம்.

காலி டாங்க் என்றால் அபாயம் இல்லை என்ற நினைப்பு பல பட்டறைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. உண்மை தலைகீழ். நிறைந்த டாங்கில் எரிவதற்குக் காற்று இல்லை. காலி டாங்கில் பெட்ரோல் ஆவியும் காற்றும் வெடிமருந்துபோல் கலந்து நிற்கின்றன. கழுவி, பல நாள் வெயிலில் வைத்த டாங்கிலும் துருவின் இடுக்குகளில் பெட்ரோல் ஒளிந்திருந்து, சூடு பட்டதும் ஆவியாக வெளிவரும். டாங்கில் ஓட்டை என்றால் வெல்டிங் வைப்பது கடைசி யோசனையாக இருக்கட்டும். அதைச் செய்தே ஆக வேண்டுமென்றால் நன்றாகக் கழுவி, நீராவி ஏற்றி, வேலை செய்யும் இடம் தவிர மீதியை நீரால் நிரப்பிச் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுக்க வேண்டும். பல நேரங்களில் புதிய தகட்டில் அதே அளவில் டாங்க் கட்டிக்கொள்வதே உத்தமம். டாங்க் கட்டும் செலவு பணத்தோடு முடிகிறது. வெல்டிங் விபத்து மனிதரோடு முடிகிறது.

பட்டிக்குள் ஒளியும் துரு

ஹைதராபாதில் எந்தப் பட்டறை வாசலிலும் 'டென்டிங், பெயின்டிங்' என்று ஒரு பலகை தொங்கும். சென்னையில் அதற்குப் பெயர் டிங்கரிங். பெயர் எதுவானாலும் இந்த வேலையில் ஏமாற்றுவது சுலபம், கண்டுபிடிப்பது கடினம். ஓட்டை விழுந்த தகட்டின்மேல் பட்டியை அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் ஆறு மாதத்துக்குக் கார் மாப்பிள்ளைபோல் இருக்கும். முதல் மழைக்காலம் போனதும் பெயின்ட் கொப்புளிக்கும். உள்ளே துரு நிம்மதியாக வளர்ந்திருக்கும். சின்னக் காந்தம் ஒன்று போதும், குட்டு உடைந்துவிடும்: இரும்புத் தகட்டில் ஒட்டுகிற காந்தம் கனமான பட்டியின்மேல் வழுக்கி விழும்.

துரு வெறும் அழகுக் கேடு என்று நினைப்பதற்கும் இடமில்லை. அம்பாசிடரிலும் பத்மினியிலும் தனியாகச் சட்டம் கிடையாது. கூரை, தூண்கள், தரை, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிபோன்ற பகுதி எல்லாம் சேர்ந்தே காரின் பாரத்தைத் தாங்குகின்றன. அந்தப் பெட்டிப் பகுதியில் துருப்பிடித்தால் கார் நடுவில் தொய்யும். கதவு சரியாகச் சாத்தாது, சாத்தினால் திறக்காது. அப்போது கதவின் கீலைத் தட்டிச் சரிசெய்வது, கண் நோய்க்குக் கண்ணாடியைத் துடைப்பது மாதிரி. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வேறு ஜாதி: தனிச் சட்டத்தின்மேல் போல்ட் போட்டு இணைத்த உடல். அங்கே பாகங்களைக் கழற்றி வைத்து வேலை பார்க்கலாம். ஆனால் அடிச்சட்டத்தில் துரு ஏறியிருந்தால் மேலே எத்தனை பாலிஷ் போட்டும் பயனில்லை.

நல்ல வேலை எப்படி நடக்க வேண்டும்? முதலில் படம் எடுப்பது. கழற்றுமுன் ஒவ்வொரு மூலையும், ஒவ்வொரு கதவு இடைவெளியும் படத்தில் இருக்க வேண்டும். வெட்டுமுன் காரின் அடியில் பல இடங்களில் தாங்கு கொடுத்து அதன் வடிவம் மாறாமல் நிறுத்துவது அடுத்தது. பளபளக்கும் நல்ல தகடு தென்படும்வரை துருவை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகட்டை வளைத்து, ஓரத்தோடு ஓரம் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் செய்வது. ஒரே மூச்சில் நீளமாக வெல்டிங் இழுத்தால் சூட்டில் தகடு அலை அலையாக நெளிந்துவிடும். பிறகு உட்பக்கத்துக்கும் துருத் தடுப்புப் பூச்சு. கதவுகளின் அடியில் மழைநீர் வடியும் துளைகளைத் திறந்து வைப்பது. பட்டி என்பது கடைசியில், நகத்தின் கனத்துக்குமேல் போகாமல், மேற்பரப்பைச் சமன் செய்ய மட்டும். இத்தனைக்கும் பிறகுதான் நிறம்.

வெட்டி எடுத்த துண்டையும் உடனே குப்பையில் போடக் கூடாது. புதுத் துண்டுக்கு அளவு அதுதான். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் வெட்டுவதோ தேய்ப்பதோ அறவே கூடாது. அது போனால், எவ்வளவு அழகாக ஆனாலும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் கண்ணில் அந்தக் கார் அநாதை.

சட்டம் சொல்லும் கணக்கு

2021 ஜூலையில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் வின்டேஜ் ஆகப் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குப் பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். புதிதாகப் பதிவாகும் வாகனங்களுக்கு நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவானவை தங்கள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, ஆராய்ச்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். தினமும் ஆபீஸ் போய் வர முடியாது.

இந்த விதியில் பட்டறைகள் படித்துப் பார்க்க வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. வாகனம் அதன் அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், உடல் கூடு, எஞ்சின் ஆகியவற்றை மாற்றியமைக்கும் பெரிய அளவு திருத்தம் நடந்திருக்கக் கூடாது. அதாவது, துருப்பிடித்த கதவடிப் பகுதியை அதே வடிவில் பழுதுபார்ப்பது காரைக் காப்பது. பழைய உடலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு காரின் கூட்டை ஏற்றுவதோ, கூரையை வெட்டித் திறந்த காராக மாற்றுவதோ, ஜப்பான் டீசல் எஞ்சினைத் திணிப்பதோ அந்தக் காரின் வரலாற்றையும் வின்டேஜ் தகுதியையும் சேர்த்தே அழிப்பது. கல்யாண வாடகைக்கென்று கூரை இழந்த அம்பாசிடர்கள் இந்தத் தகுதியைக் கேட்டுப் போக முடியாது.

50 ஆண்டு ஆகாத கார்களின் நிலை இன்னும் இக்கட்டு. அவை சாதாரணப் பழைய வாகனங்கள். 15 ஆண்டுக்குப் பிறகு தகுதிச் சோதனையில் தேறி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கார்களுக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய் என்று மறுபடி உயர்ந்தது. 1985ஆம் ஆண்டு பத்மினி வைத்திருப்பவர் 50ஆவது ஆண்டை எட்டும்வரை இந்தப் படிகளில் ஏறியாக வேண்டும். அதுவரை காரின் தரைத்தகடும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

உஸ்தாத்தின் கை

உதிரிபாகம் தேடுவோர் ஹைதராபாதில் புத்லிபௌலி, கோஷாமஹால் பக்கத்துப் பழைய சாமான் கடைகளுக்கும், செகந்திராபாதில் ராணிகஞ்சுக்கும் நடப்பார்கள். சென்னையில் புதுப்பேட்டைக்குப் போவதுபோல. கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து வாங்குவதும் உண்டு. ஆனால் மட்கார்டின் வளைவு லேத்தில் வராது. அது சுத்தியலிலும் கையிலும்தான் வரும். அந்தக் கைக்காரருக்கு இந்த ஊரில் உஸ்தாத் என்று பெயர். தகட்டின் ஒரு பக்கம் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் தட்டும்போது எழும் சத்தத்தை வைத்தே தகடு எங்கே இறுகிவிட்டது, எங்கே இன்னும் இழையும் என்று சொல்லிவிடுவார்.

ஊரின் தகட்டு வித்தைக்குக் கண்கண்ட சாட்சி பகதூர்புராவில் இருக்கும் சுதா கார்ஸ் மியூசியம். பர்கர், கிரிக்கெட் பேட், பேனா வடிவங்களிலெல்லாம் ஓடும் வாகனங்களைக் கையால் செய்து வைத்திருக்கிறார் அதன் நிறுவனர் சுதாகர். அவர் உருவாக்கிய 41 அடி உயர முச்சக்கர சைக்கிள் 2005இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. விளையாட்டாகத் தெரிந்தாலும், பழைய இரும்பையும் தகட்டையும் எந்த வடிவத்துக்கும் கொண்டுவரும் கைத்திறன் இந்த ஊரில் இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி.

திறமைக்கு வாரிசுதான் கவலை. புதிய கார்களில் நசுங்கிய பாகத்தைத் தட்டி எடுப்பதில்லை. கழற்றிப் புதியதைப் பூட்டுகிறார்கள். இன்சூரன்ஸ் பணம் தருகிறது. உஸ்தாத்திடம் எடுபிடியாகச் சேர்ந்து பல ஆண்டு சுத்தியல் பிடித்துப் பழகும் பையன்கள் அரிதாகிவிட்டார்கள். அப்படிச் சேர்ந்தாலும், வேலை உடம்பைப் பதம் பார்க்கிறது. பழைய பெயின்டைத் தேய்க்கும்போது பறக்கும் தூளில் ஈயம் இருக்கலாம். இன்றைய இரு கலவைப் பெயின்டுகளைத் தெளிக்கும்போது பறக்கும் ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவுக்கு வழிசெய்வது; அதற்கு மூக்கில் கட்டிய கைக்குட்டை தடுப்பல்ல. உரிமையாளர்கள் பேரம் பேசிப் பிடிக்கும் பணத்தில் முதலில் காணாமல் போவது தொழிலாளியின் முகமூடிதான்.

பேரத்துக்குப் பின்னால் ஒரு கசப்பான கணக்கும் இருக்கிறது. சாதாரண அம்பாசிடரை முறையாகப் பழுதுபார்க்க ஆகும் செலவு, அதை விற்றால் கிடைக்கும் விலையைத் தாண்டிவிடுவது சகஜம். அதனால்தான் முதலில் கண்ணில் படும் நிறத்துக்குப் பணம் போகிறது. கண்ணில் படாத குழாய்க்கும் தரைத்தகட்டுக்கும் 'அப்புறம் பார்க்கலாம்' என்ற பதில் கிடைக்கிறது. வரிசை நேர் எதிராக இருக்க வேண்டும். பட்ஜெட் சிறியது என்றால், முதல் ஆண்டு பெட்ரோல் பாதையும் பிரேக்கும். இரண்டாம் ஆண்டு பாரம் தாங்கும் தகடுகள். நிறம் மூன்றாம் ஆண்டில் வரட்டும். மங்கிய நிறத்தோடு பத்திரமாக ஓடும் கார் நாளைக்கும் இருக்கும். மினுமினுக்கும் நிறத்தோடு கசியும் கார் இருக்குமா என்பது சந்தேகம்.

அதிலேயே எது அசல், எது மாற்றத்தக்கது என்ற பழைய சண்டைக்கும் விடை இருக்கிறது. குழாயில் பழமை வேண்டாம். தகட்டில் புதுமை வேண்டாம். ஐம்பது வருடத்து ரப்பரை 'கம்பெனி ஒரிஜினல்' என்று போற்றி வைப்பதில் பெருமை ஏதுமில்லை. அது காலியாகிற சரக்கு. எண்ணெய், டயர் மாதிரி மாற்றப்பட வேண்டியது. தகடு அப்படியல்ல. அந்தக் கால ஆலையில் அச்சடித்து, அந்தக் காலத் தொழிலாளி இணைத்த உடல் திரும்பக் கிடைக்காது. அதில் எவ்வளவு குறைவாக வெட்டுகிறோமோ அவ்வளவு காரும் மிஞ்சுகிறது.

வேலை முடிந்து கார் வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஓட்ட வேண்டும். வாரம் ஒருமுறை எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டினால் டாங்கில் பெட்ரோல் பழசாகாது, டயாபிரம் இறுகாது, கதவிடுக்கில் நீர் தங்காது. கசிவு ஆரம்பித்தால் அன்றே மூக்கு சொல்லிவிடும். நிஜாமின் கொட்டகையில் அந்த ஐம்பத்தாறு கார்களுக்குக் கிடைக்காமல் போனதும் வாரத்துக்கு ஒருமுறை ஓட்டும் ஒரு ஆள்தான்.